ஊட்டி இறக்கத்துக்குப் பெரிய டிஸ்க்கா, நல்ல பேடா?

ஹோண்டா சிட்டி 1.5 விடெக் போன்ற பழைய வேகக் கார்கள் கோத்தகிரிச் சாலையில் இன்றும் இளமையோடு ஏறுகின்றன. 106 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மலை ஒரு பொருட்டில்லை. இறங்கும்போதுதான் வயது தெரிகிறது. பிரேக்கை மேம்படுத்த நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பெரிதாக்கி, அதைக் கவ்வும் காலிபரையும் பல பிஸ்டன் உள்ளதாக மாற்றும் கிட் வாங்கலாம். இருப்பதையே செப்பனிட்டு, டிஸ்க்கில் உராயும் பேடை நல்லதாக மாற்றிப் புது பிரேக் ஆயிலும் போடலாம். பின்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு அங்கும் டிஸ்க் பொருத்தலாம்.

முதலில் ஒரு கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கினால் சுமார் 24 மெகாஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரை ஒருமுறை நிறுத்த அரை மெகாஜூல் போதும். அதாவது, கிட்டத்தட்ட ஐம்பது முறை அப்படி நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்; இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினும் கணிசமாக வாங்கும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். எனவே மலையில் முதல் கேள்வி, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பதல்ல. எவ்வளவு நேரம் சூடு தாங்குகிறது என்பது.

பெரிய டிஸ்க் இந்த இடத்தில் உண்மையிலேயே உதவும். இரும்பு கூடுதல் என்பதால் மெதுவாகச் சூடேறும். பரப்பு அதிகம் என்பதால் விரைவில் ஆறும். ஆனால் அது தனியாக வருவதில்லை. சிறிய சக்கரத்துக்குள் அடங்காது, ஆகவே சக்கரமும் டயரும் மாற வேண்டும். காலிபர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரின் அளவு போதாமல் பெடல் ஆழமாக இறங்கும். முன்பக்கப் பிடி மட்டும் கூடுவதால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத கார் குன்னூர் மூடுபனியில் நனைந்த தாரில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகச் சறுக்கும். காருக்கென்றே செய்த கிட் கிடைக்காமல் லேத்தில் கடைந்த அடாப்டரை நம்பிக் காலிபரைத் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். துளையிட்ட டிஸ்க்கும் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் தொடர் சூட்டில் துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும்.

288 மி.மீ. டிஸ்க் உள்ள முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதே காலிபரை வைத்துக்கொண்டு, அதன் பிராக்கெட்டை மட்டும் மாற்றி, ஃபோக்ஸ்வாகன் குழுமத்து உறவுக் கார்களின் 312 மி.மீ. டிஸ்க்கைப் பொருத்திவிடலாம். 16 அங்குலச் சக்கரம் இருந்தால் போதும்.

மற்றவர்களுக்கு இரண்டாவது வழியே என் தேர்வு. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சு போலானால், பெரும்பாலும் டிஸ்க் சிறிதென்பது காரணமல்ல, ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நீலகிரிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தர வகை ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி. ஈரமேறினால் 155 வரை இறங்கிவிடும். டாட் 5.1 என்றால் 260, 180. இவை இரண்டும் ஒரே இனம். பெயரில் ஒத்திருக்கும் டாட் 5 சிலிகான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் குற்றவாளி பேடு. அதற்காகப் பந்தயப் பேடு வாங்கிவிடாதீர்கள். அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும். தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் முதல் வளைவிலேயே கைவிடும். சாலைக்கான உயர்வெப்பப் பேடு கேளுங்கள். டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப லேத்தில் கடைந்து ஓட்டுவதும் தவறு. மெலிந்த டிஸ்க் சூடு தாங்காது. குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். ஆயில் போகும் குழாய்க்கு எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் உறுதியாகும், சூடு குறையாது.

இன்னொன்று. கோவையில் சரியாக இருந்த பெடல் ஊட்டியில் கனக்கிறது என்று கிட் தேடுபவர்கள் இருக்கிறார்கள். மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர், வெற்றிடத்துக்கு எதிராக வெளிக்காற்றின் அழுத்தத்தால் வேலை செய்வது. ஊட்டியில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. ஆகவே கொஞ்சம் கனப்பது இயல்பு. அதற்கு மேலும் கனத்தால் பூஸ்டரின் வெற்றிட ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். செலவு அதோடு முடிந்தாலும் முடியும்.

பின்சக்கரத்துக்கு டிஸ்க்? தேவையில்லை. இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்பிரேக்குக்கு வேலை குறைவு. மேலும் குன்னூர்ச் சரிவுகளில் நிறுத்திவைக்க டிரம்மின் ஹேண்ட் பிரேக்குக்கு ஈடாக மாற்று டிஸ்க் பிடிப்பது அரிது. டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்து, டிரம்மில் உராயும் ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

பெரிய கிட்டுக்கு நான் சம்மதிப்பது ஒரே ஆளுக்குத்தான்: மலையிலிருந்து இறங்கிப் போய், கோவை செட்டிப்பாளையம் கரி பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று காரை விரட்டுபவர். அவரும் மாஸ்டர் சிலிண்டரையும் முன்பின் பிரேக் சமநிலையையும் சேர்த்தே மாற்றட்டும்.