பிரவுசர் டெஸ்ட்கள்: சப்-ப்ராஜெக்ட்டுக்குள்ளா, தனி ப்ராஜெக்ட்டிலா? ரிப்போர்ட்டை எதில் சேர்ப்பது?

ஒரே ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) நாலைந்து சப்-ப்ராஜெக்ட்கள் சேர்ந்துவிட்டால், நிஜ பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிரவுசர் டெஸ்ட்களை எங்கே வைப்பது என்ற பேச்சு எழும். ஒரு தரப்பு, அந்தந்த சப்-ப்ராஜெக்ட்டுக்குள் வைக்கச் சொல்லும். இன்னொரு தரப்பு, எல்லாவற்றையும் தனி டெஸ்ட் ப்ராஜெக்ட்டில் போடச் சொல்லும்.

என் ஓட்டு முதல் தரப்புக்கு. ஒரு பட்டனின் ஐடியை மாற்றுகிறவர் அதே கமிட்டில் டெஸ்ட்டையும் திருத்திவிடலாம், ரிவ்யூ செய்பவர் கண்ணிலும் இரண்டும் சேர்ந்தே படும். டெஸ்ட் தனி ப்ராஜெக்ட்டில் இருந்தால் அது உடைந்த சேதி பிறகு வேறொருவரிடம் போய் நிற்கும். எது மாறியது என்று தேடுவதிலேயே அவர் நேரம் போய்விடும்.

தனி ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லாகின் செய்து, பொருளைத் தேர்ந்து, பணம் கட்டி முடிக்கும் டெஸ்ட் மூன்று சப்-ப்ராஜெக்ட்களைத் தொடும். அதை எந்த ஒன்றுக்குள் வைத்தாலும் பொருந்தாது. அப்படிப்பட்ட சிலவற்றை மட்டும் அங்கே வையுங்கள். பேஜ் ஆப்ஜெக்ட்களை, அதாவது ஒரு பக்கத்தின் பட்டன், பெட்டி போன்றவற்றை டெஸ்ட்டுக்காக விவரிக்கும் கிளாஸ்களை, அந்தந்த சப்-ப்ராஜெக்ட்டே தரட்டும்; அவற்றை நகலெடுத்தால் பழைய தலைவலி திரும்பி வரும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். டெஸ்ட்களைப் பிரித்து வைத்தால் ரிப்போர்ட்டும் சிதறும் என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அது உண்மையும்கூட. ஆனால் சிதறியதைச் சேர்க்க வழிகள் இருக்கின்றன.

ஜாவா பில்ட் கருவியான மேவனில் டெஸ்ட்களை ஓட்ட ஷ்யூர்ஃபயர், ஃபெயில்சேஃப் என்று இரண்டு பிளகின்கள் உண்டு; பிரவுசர் டெஸ்ட்களுக்கு ஷ்யூர்ஃபயரைவிட ஃபெயில்சேஃப் ஏற்றது. டெஸ்ட் தோற்றாலும் சர்வரை நிறுத்தும் கட்டம் ஓடும், அதன் பிறகுதான் வெரிஃபை கட்டத்தில் பில்ட் தோற்கும். சிக்கல் எங்கே என்றால், ஒரு மாட்யூல் (மேவனில் சப்-ப்ராஜெக்ட்டின் பெயர்) தோற்றவுடன் மேவன் அங்கேயே நின்றுவிடும். ஃபெயில்-அட்-எண்ட் (--fail-at-end) ஆப்ஷன் கொடுத்தால் மற்றவை ஓடும், ஆனால் தோற்றதைச் சார்ந்திருக்கும் மாட்யூல்கள் அப்போதும் ஓடாது. அவற்றின் முடிவு ரிப்போர்ட்டில் இருக்காது, இல்லை என்பதும் சட்டென்று உறைக்காது.

இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் 7.4 பதிப்பிலிருந்து, ரிப்போர்ட்களை ஒன்றாகச் சேர்க்கும் டெஸ்ட் ரிப்போர்ட் அக்ரிகேஷன் பிளகின் கூடவே வருகிறது. அமைப்பது சுலபம். ஒரு டெஸ்ட் தோற்ற நாளிலும் ரிப்போர்ட் வர வேண்டுமானால் கன்டினியூ (--continue) ஆப்ஷனோடு ஓட்ட வேண்டும். ரிப்போர்ட் நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நாளில்தானே!

டெஸ்ட்கள் எல்லாமே பிளேரைட் என்ற பிரவுசர் டெஸ்ட் கருவியில் என்றால் வெளியே வேறு கருவி தேடிப் போகவே வேண்டாம். 1.37 பதிப்பில் பிளாப் ரிப்போர்ட்டரும் மெர்ஜ்-ரிப்போர்ட்ஸ் கட்டளையும் வந்தன. ஒவ்வொரு ஓட்டமும் தன் மூலத் தரவை எழுதி வைக்கும், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே எச்டிஎம்எல் ஆகும். தோற்ற டெஸ்ட்டின் ட்ரேஸையும் (ஒவ்வொரு படியின் பதிவையும்) அங்கிருந்தே திறக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு பக்கம் ஜாவாவில் செலினியம் (இன்னொரு பிரவுசர் டெஸ்ட் கருவி), மறுபக்கம் டைப்ஸ்கிரிப்ட்டில் பிளேரைட் என்று கலந்திருந்தால், பல கருவிகளின் முடிவுகளையும் படிக்கும் ரிப்போர்ட் கருவியான அல்யூர்தான் சரி. பல சப்-ப்ராஜெக்ட்களின் ரிசல்ட் ஃபோல்டர்களை ஒரே கட்டளையில் கொடுத்தால் ஒரே ரிப்போர்ட் வரும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. டெஸ்ட்டின் முழுப்பெயரையும் பாராமீட்டர்களையும் வைத்துத்தான் அல்யூர் அதை அடையாளம் காண்கிறது. பழைய நிரலை நகலெடுத்துத் தொடங்கிய இரண்டு சப்-ப்ராஜெக்ட்களில் பேக்கேஜ், கிளாஸ், மெத்தட் மூன்றும் ஒரே பெயரில் இருந்தால் அவற்றை ஒரே டெஸ்ட்டின் ரீட்ரை (மறுமுயற்சி) என்று எடுத்துக்கொள்ளும். கடைசியாக ஓடியது பாஸ் என்றால் மேலே பச்சை மட்டும் தெரியும், முன்னால் தோற்றது ரீட்ரைஸ் டேபுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ரிப்போர்ட்டில் டெஸ்ட்களைக் குழுவாகப் பிரிக்கும் பேரன்ட் சூட் லேபிள் மட்டும் போட்டால் தீராது. சப்-ப்ராஜெக்ட்டின் பெயர் பேக்கேஜ் பெயரிலேயே இருக்க வேண்டும். ரிப்போர்ட்களைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு பெயரை மாற்றினால் அதுவரை சேர்ந்த ஹிஸ்டரி அறுந்துபோகும்.