இணைந்துவிடுவதா, தனித்து நின்று உரிமை கேட்பதா: தனியார் சட்டக் கல்லூரிகளின் முன்னுள்ள இரண்டு வழிகள்

டர்பனில் மெட்ரிக் முடிவு வந்துவிட்டால் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சில வீடுகளில் ஒரே விவாதம்தான். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரியில் சட்டம் படிக்க இடம் கிடைக்காத பிள்ளையைத் தனியாரில் சேர்க்கலாமா, அந்தப் பட்டம் செல்லுமா? 2019 வரை இதற்கு நேரான பதில் கிடையாது. 2014-இன் தென்னாப்பிரிக்கச் சட்டத்தொழில் சட்டம் பல்கலைக்கழகத்தில் பெற்ற எல்.எல்.பி. பட்டத்தைக் கேட்டது. தனியார் நிறுவனமோ தன்னைப் பல்கலைக்கழகம் என்று அப்போது அழைத்துக்கொள்ள முடியாதிருந்தது. குவாசுலு-நட்டால் சட்டச் சங்கம் தனியார் பட்டதாரிகளை ஏற்க மறுத்தது. வார்சிட்டி கல்லூரியை நடத்திவந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2019 டிசம்பர் 11 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், முறையாகப் பதிவுபெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் அந்தச் சட்டம் சொல்லும் ‘பல்கலைக்கழகம்’ என்பதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இதே சிக்கலில் மாட்டிய ஒரு தனியார் சட்டப்பள்ளி நீதிமன்றப் படியேறவில்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சதர்ன் நியூ இங்கிலாந்து சட்டப்பள்ளிக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. அதனால் அதன் பட்டதாரிகள் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கறிஞர் தேர்வே எழுத முடியாது. மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணையும் யோசனையை உயர்கல்வி வாரியம் 2005-இல் நிராகரித்தது. 2010-இல் அதே யோசனைக்கு ஒப்புதல் கிடைத்தது. பள்ளி தன் வளாகத்தையும் சொத்துகளையும் அப்படியே கொடுத்தது. தற்காலிக அங்கீகாரம் 2012-இல் வந்தது. முழு அங்கீகாரத்துக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டம் செல்லுமா என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் நம் ஊர் வழியே மேல். தீர்ப்பு வந்ததும் கதவு திறந்தது. கல்லூரி தன் சொத்தையோ நிர்வாகத்தையோ யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஆனால் கட்டணம் என்று வந்துவிட்டால் என் மனம் மறுபக்கம் சாய்கிறது. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்கு மேற்படாத மாணவர்களுக்கு உதவுகிறது, அதுவும் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அரசுத் தொழிற்கல்லூரிகளிலும் மட்டும். நீதிமன்றம் தனியார் பட்டத்துக்கு மதிப்புத் தந்தது, கட்டணத்தைக் குறைக்கவில்லை. பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்து பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையரான நவநீதம் பிள்ளை கிளேர்வுட் இந்தியச் சமூகம் திரட்டித் தந்த பணத்தின் துணையோடுதான் நட்டால் பல்கலைக்கழகத்தில் படித்து 1965-இல் எல்.எல்.பி. பெற்றார். இன்றும் ஊர்கூடிப் பணம் திரட்டித்தான் ஒரு பிள்ளை வழக்கறிஞராக வேண்டும் என்றால், அந்தத் தீர்ப்பின் பயன் பணமுள்ள வீடுகளோடு நின்றுவிடும். தனியார் பள்ளியொன்று பொதுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தால் இந்தத் தடை விலக வழியுண்டு. சிகாகோ நகரில் பொதுச் சட்டப்பள்ளியே இல்லாதிருந்தது. 1899-இல் தொடங்கிய ஜான் மார்ஷல் சட்டப்பள்ளியை இலினாய் பல்கலைக்கழகம் 2019-இல் ஏற்றபோதுதான் முதல் பள்ளி கிடைத்தது.

இணைப்பின் விலை என்ன என்பதை டர்பன்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென நிறவெறி அரசு தொடங்கி, பின்பு வெஸ்ட்வில் குன்றுக்குப் போன கல்வி நிலையம், 2004 ஜனவரி 1 அன்று நட்டால் பல்கலைக்கழகத்தோடு கலந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமானது. சட்டப் படிப்பு இன்று ஹோவர்ட் கல்லூரியிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நடக்கிறது, வெஸ்ட்வில்லில் இல்லை. பழைய மாணவர்களோ இன்னும் யூ.டி.டபிள்யூ. (டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம்) என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். தமிழ்த்துறை போனதற்கும் இணைப்பையே திட்டுபவர்கள் உண்டு; அது அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் ஃபிராங்க்ளின் பியர்ஸ் சட்ட மையம் 2010-இல் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்தது, 2014-இல் முழுதாகக் கலந்தது. கூட்டுச் சேர்ந்தபோது பெயர்ப்பலகையிலிருந்து போன பழைய பெயர் 2019-இல் திரும்ப வந்தது. ஒத்துவருமா என்று பழகிப் பார்த்துவிட்டுச் செய்த திருமணம் அது. ஆனால் நடுப்பாதைக்கும் அனுமதி வேண்டும். டெக்சஸில் 1998-இல் சவுத் டெக்சஸ் சட்டக் கல்லூரியும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் உயர்கல்வி வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைகோத்தன, நீதிமன்றம் பிரித்துவைத்தது. அதே பல்கலைக்கழகம் 2013-இல் வேறொரு சட்டப்பள்ளியை விலைக்கே வாங்கிக்கொண்டது.

நம் ஊரில் அப்படி ஒரு யோசனை வந்தால் நியூ ஹாம்ப்ஷயர் முறைக்கே என் வாக்கு, முதல் நாளிலிருந்தே மாணவருக்கு அரசு நிதியுதவி கிடைக்குமென்ற உறுதி எழுத்தில் இருந்தால் மட்டும். அதுவரை தனியாரில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்து நின்றுவிட வேண்டாம். உயர்கல்வித் துறையின் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, எல்.எல்.பி. படிப்பும் பிள்ளை போகப்போகும் அந்த வளாகமும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.