மரச்சில்லா, கூழாங்கல்லா?

தோட்டத்தை வடிவமைத்தவர்கள் செடிகளை நட்டுவிட்டுப் போன பிறகு, இடையில் கிடந்த வெற்று மண்ணை எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வி எங்களிடம் வந்து நின்றது. முன்பக்கப் பாத்திகளில் களைத்தடுப்பு விரிப்பைப் போட்டு மேலே கூழாங்கல் பரப்பினோம். பின்பக்கத்தில் மரச்சில்லு மூடாக்கு. 3 ஆண்டுகளாக இரண்டையும் பராமரித்துவருகிறேன். என் ஓட்டு மரச்சில்லுக்குத்தான்.

அழகு அவரவர் விருப்பம். வெயிலில் ஈரம் காப்பதை இரண்டுமே செய்கின்றன. கல்லை ஒருமுறை கொட்டினால் போதும், சில்லை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும் என்பார்கள். எங்களையும் கல் வாங்க வைத்த பேச்சு அதுதான்.

களை விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழானது. முதல் ஆண்டு கற்களுக்கு இடையே ஒரு புல் இல்லை. அதன்பின் தூசியும் சருகும் இடுக்குகளில் இறங்கி மக்கி, விரிப்பின் மேலேயே விரல் தடிமனுக்கு மண் சேர்ந்துவிட்டது. விதைகள் காற்றில் வந்து மேலே விழுகின்றன. விரிப்போ அடியில் கிடக்கிறது. பிடுங்கினால் தண்டு மட்டும் அறுந்து வருகிறது, வேர் விரிப்பின் இழைகளில் பின்னிக்கிடக்கிறது. ஒரே ஒரு பாத்தியின் கல்லை வாரி, சலித்து, கழுவி மறுபடி பரப்ப எனக்கு முழுதாக 2 நாட்கள் ஆயின. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது மண் இறுகிப் பாளம்போல் இருந்தது. ஒரு மண்புழுகூட இல்லை.

சில்லுப் பாத்தியிலும் களை வரும். ஆனால் இரு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். சில்லு 3 அங்குல உயரத்துக்கு இருந்தால் பெரும்பாலான விதைகளுக்கு வெளிச்சமே எட்டாது. அடியில் மக்குவது மண்ணோடு சேர்கிறது. விலக்கிப் பார்த்தால் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. ஆண்டுக்கு அரை நாள் செலவிட்டுக் குறைந்ததை நிரப்புகிறேன், அவ்வளவுதான். இரண்டு எச்சரிக்கைகள்: தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், நான்கு விரல் இடைவெளி வேண்டும். சில்லை மண்ணுக்குள் கிளறிவிடக் கூடாது. மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும்.

கோரையை இரண்டுமே தடுக்காது. அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். சரிவான இடத்தில் மழை சில்லை அடித்துச் சென்றுவிடும், அங்கே கல்லே மேல் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டம் சமதளம். கரையான் தொல்லை உள்ள வீடுகளில் சுவரோரம் சில்லு வேண்டாம்.

முன்பக்கத்தில் இன்னும் இரண்டு பாத்திகள் பாக்கி. அவற்றின் கல்லை வாரி, தண்ணீர் தெறிக்கும் குழாயடியில் கொட்டப்போகிறேன்.