எல்லோருக்கும் நடுவே ஓர் இடம்: சராசரியா, இடைநிலையா, வட்ட மையமா?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எங்கே வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும் வரைபடத்தை விரிக்கிறோம், நடுவில் விரலை வைத்து "இங்கேதான்" என்கிறோம். அந்த 'நடு'வுக்கு மூன்று பொருள் உண்டு. மூன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டும்.

எங்கள் கணக்கில் 11 குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு கார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை 0 என்று வைத்துக்கொண்டு என்2 நெடுஞ்சாலை வழியே தோராயமாக அளந்தேன். வடக்கே ஃபீனிக்ஸ் 20 கி.மீ. (3 குடும்பங்கள்), வெருலம் 25 (2), டொங்காட் 40 (2), ஸ்டேங்கர் 75 (1). தெற்கே சாட்ஸ்வொர்த் 20 (2), உம்சிண்டோ 65 (1). இந்தப் பரவல் நாமாகத் தேர்ந்துகொண்டதல்ல. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் கரும்புத் தோட்டங்கள் கடற்கரை நெடுகச் சிதறடித்தன. 1950-இல் வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் நகரத்துக்குள் குடியிருந்தவர்களைப் பெயர்த்து, சாட்ஸ்வொர்த்திலும் பிறகு ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. அப்படிச் சிதறியவர்களின் பிள்ளைகளை ஒரு மொழிக்காக ஓரிடத்தில் கூட்டப் பார்க்கிறோம். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது.

முதலில் சராசரி. வடக்குத் தொலைவுகளைக் கூட்டி, தெற்குத் தொலைவுகளைக் கழித்து, 11-ஆல் வகுத்தால் டர்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 14.5 கி.மீ. வருகிறது. பலரும் நம்புவது இதைத்தான், நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் சராசரி குறைப்பது தொலைவுகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை. நாம் ஓட்டப்போவதோ வெறும் கிலோமீட்டர். அங்கே வகுப்பு வைத்தால் ஒரு வழிக்கு எல்லோருக்குமாக ஏறக்குறைய 297 கி.மீ. ஆகிறது.

அடுத்தது இடைநிலை. குடும்பங்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் ஆறாவது குடும்பம் ஃபீனிக்ஸில் இருக்கிறது. அங்கே வைத்தால் மொத்தம் 270 கி.மீ.; இதற்குக் கீழே போக வழியே இல்லை. ஏன் என்று பார்க்க ஒரு அடி நகர்ந்தால் போதும். ஃபீனிக்ஸிலிருந்து தெற்கே ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் 3 குடும்பங்களுக்கு ஒன்று குறையும், 8 குடும்பங்களுக்கு ஒன்று கூடும். வடக்கே நகர்ந்தால் 5 பேருக்கு லாபம், 6 பேருக்கு நஷ்டம். இங்கே தலைகளை எண்ணினால் போதும், தூரத்தைப் பார்க்கவே வேண்டாம். ஸ்டேங்கர் குடும்பம் நாளைக்கு டர்பனுக்கு வடக்கே 180 கி.மீ. தள்ளியிருக்கும் ரிச்சர்ட்ஸ் பேக்குக் குடிபோனால் சராசரி 24 கி.மீ.க்குத் தாவி வெருலத்தை ஒட்டிப் போய்விடும். இடைநிலை ஃபீனிக்ஸை விட்டு அசையாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, என்3 வழியாக 80 கி.மீ. தாண்டி, இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால்? அவர்கள் டர்பனில் வந்து நம் சாலையோடு இணைகிறார்கள். ஃபீனிக்ஸிலும் அதற்கு வடக்கிலும் 8, மற்ற பக்கம் 5. இடம் மாறாது. அங்கிருந்து ஐந்து குடும்பங்கள் வந்தால்தான் 8-க்கு 8 ஆகும். அப்போது டர்பனுக்கும் ஃபீனிக்ஸுக்கும் நடுவே எங்கே வைத்தாலும் மொத்தம் ஒன்றுதான். கிளைவிட்டுப் போகும் சாலைகளில், எங்கே நின்றால் எந்தக் கிளையிலும் பாதிக்கு மேல் ஆள் இல்லையோ, அந்த இடமே விடை.

சாலையை விட்டுவிட்டுப் பறவை பறக்கும் தொலைவைப் பார்த்தால் கணக்கு கடினமாகிறது. மூன்று புள்ளிகளுக்கும் மொத்தத் தொலைவு மிகக் குறைவான இடம் எது என்று கேட்டவர் 17-ஆம் நூற்றாண்டின் கணித அறிஞர் ஃபெர்மா, விடை கண்டவர் டோரிசெல்லி: விடைப் புள்ளியிலிருந்து பார்த்தால் மூன்றும் 120 பாகை இடைவெளியில் தெரியும். முக்கோணத்தின் ஒரு கோணமே 120 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த முனையே விடை. ஐந்து புள்ளி வந்துவிட்டால் கூட்டல், பெருக்கல், மூலம் எடுத்தல் இவற்றால் ஆன பொதுச் சூத்திரம் கிடையாது. 1937-இல் வைஸ்ஃபெல்ட் சொன்ன வழியில், அருகிலுள்ள ஊருக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரியைத் திரும்பத் திரும்ப எடுத்து நெருங்க வேண்டும். நம் நெடுஞ்சாலைக்கு அது தேவையில்லை.

மூன்றாவது வட்ட மையம், அதாவது எல்லோரையும் உள்ளடக்கும் மிகச் சிறிய வட்டத்தின் நடு. மிகத் தொலைவில் இருப்பவரின் பயணத்தை இயன்றவரை குறைப்பது இது. ஸ்டேங்கருக்கும் உம்சிண்டோவுக்கும் சரிபாதி, டர்பனுக்கு வடக்கே 5 கி.மீ., உம்கேனி ஆற்றுப் பக்கம். யாரும் 70 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டாம். ஆனால் மொத்தம் 345 கி.மீ. ஆகிவிடுகிறது. ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு இதுதான் சரி, அங்கே கடைசி ஆளின் நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. வாரந்தோறும் நடக்கும் வகுப்புக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இருந்தாலும் உம்சிண்டோ பிள்ளைக்கு ஃபீனிக்ஸ் 85 கி.மீ. அதை 'மொத்தம் குறைவு' என்று சொல்லி மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. வட்ட மையத்தோடு ஒப்பிட்டால் ஃபீனிக்ஸில் 8 குடும்பங்களுக்குத் தலைக்கு 15 கி.மீ. மிச்சம், தெற்கத்திய 3 குடும்பங்களுக்குத் தலைக்கு 15 கூடுதல். மிச்சமாகும் 120-இல் 45-க்கான பெட்ரோலை வடக்கத்தியவர்கள் கொடுத்தாலும் அவர்கள் கையில் 75 நிற்கும். உம்சிண்டோ கார் எப்படியும் சாட்ஸ்வொர்த் வழியாகத்தான் வருகிறது. அங்கே நின்று அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டால், மூன்று கார் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றே போதும்.