பசுமைக் காலநிலை நிதியம்: துவாலு என்ற வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

மானியம் வழங்கும் பன்னாட்டு நிதியங்களையும் ஒரு சேவையாகவே கருதி மதிப்பிடலாம் என்பது என் எண்ணம். கடையின் பெயரைப் பார்த்து அல்ல, பொருளை வாங்கியவரின் தேவையைப் பார்த்தே அந்த மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். அந்த வகையில், காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியத்துக்குத் துவாலுவை விடக் கடினமான வாடிக்கையாளர் அமைவது அரிது. பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வாழ்கின்றனர். ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் காயலும் நெருக்கும் அந்த நிலத்துண்டு, சில இடங்களில் சாலை போடும் அகலமே கொண்டது. 2015 மார்ச்சில் பாம் புயல் மற்றொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைத்தான் தாக்கியது. துவாலுவுக்கு அது நேரடியாக வரவே இல்லை. ஆனால் அது எழுப்பிய அலைகளே துவாலுவின் தாழ்ந்த தீவுகளுக்குள் புகுந்து வீடுகளையும் பயிர்களையும் அழிக்கப் போதுமாக இருந்தன.

அடுத்த ஆண்டே, அதாவது 2016-ல், நிதியத்தின் இயக்குநர் குழு துவாலுவின் கடலோரத் தகவமைப்புத் திட்டத்துக்கு 3.6 கோடி அமெரிக்க டாலர் மானியத்தை ஒப்புக்கொண்டது. துவாலு அரசு தன் பங்காக ஏறக்குறைய 29 லட்சம் டாலரைச் சேர்த்தது. நிதியத்தின் தொகையை மட்டும் மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு 3,200 டாலருக்கு மேல் வருகிறது. வட்டி இல்லை, திருப்பிச் செலுத்த வேண்டியதும் இல்லை. கடன் வாங்கிக் கரை கட்ட முடியாத ஒரு நாட்டுக்கு இந்த ஓர் அம்சத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கிடைத்த பொருளின் தரத்திலும் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. காயலின் அடியிலிருந்து மணலைத் தோண்டியெடுத்து, ஃபுனாஃபுட்டியின் காயற்கரையை ஒட்டி 780 மீட்டர் நீளமும் சுமார் 100 மீட்டர் அகலமும் கொண்ட புதிய மேட்டுநிலத்தை எழுப்பியிருக்கிறார்கள், பரப்பு 7.3 ஹெக்டேர். 2100-ஆம் ஆண்டுக்குப் பிறகும் கடல்மட்டத்துக்கும் புயலலைக்கும் மேலே நிற்கும்படி அதன் உயரம் கணக்கிடப்பட்டிருக்கிறது. நானுமேயா, நானுமங்கா என்ற இரு வெளித்தீவுகளுக்கும் கடலோரத் தடுப்புகள் கிடைத்தன. இவற்றைவிட மதிப்பு மிக்கதாக நான் கருதுவது படமெடுக்க எதுவும் இல்லாத வேறொரு பணி: 2019-ல் விமானத்திலிருந்து லேசர் கதிர் கொண்டு தீவுகளின் தரைமட்டத்தையும் ஆழமற்ற கடலடியையும் அளந்தது. எந்த வீட்டு வாசலுக்கு எவ்வளவு அலை வரும் என்பதை ஊகமாக அன்றிக் கணக்காகச் சொல்ல அந்நாட்டுக்கு அதன் பிறகுதான் வழி பிறந்தது. கொடையாளர்கள் பொதுவாகக் கல்வெட்டு பதிக்க இயலாத வேலைக்குப் பணம் தரத் தயங்குவார்கள், இங்கே தந்திருக்கிறார்கள்.

குறை இருப்பது பொருளில் அல்ல, அதை வாங்கும் வழியில். நிதியத்தின் தலைமையகம் தென்கொரியாவின் சொங்டோவில் இருக்கிறது. அங்கே ஒரு நாடு நேராகப் போய்ப் பணம் கேட்க முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகவே முன்மொழிவு செல்ல வேண்டும். அந்த அங்கீகாரத்தைப் பெறுவதற்கோ கணக்குத் தணிக்கை, கொள்முதல் விதிகள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, முறைகேட்டுத் தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே அலுவலர் காலையில் மீன்வளக் கூட்டத்திலும் மாலையில் வரவுசெலவுக் கூட்டத்திலும் அமர வேண்டிய சிறிய அரசுகளிடம் இதை எதிர்பார்ப்பது, ஒற்றை அறை வீட்டுக்குள் யானையைக் கட்டச் சொல்வதற்கு ஒப்பாகும். இன்னொரு சிறிய பசிபிக் நாடான குக் தீவுகளின் நிதி அமைச்சு 2018-ல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றுக் காட்டியது என்பதால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். துவாலு இத்திட்டத்துக்கு, அங்கீகாரம் பெற்ற ஐநா வளர்ச்சித் திட்டம் (UNDP) என்ற அமைப்பின் வழியாகச் சென்றது. இடையில் நிற்பவர் அனுபவமும் கொண்டுவருகிறார், கட்டணமும் எடுக்கிறார். பணி முடிந்ததும் அந்த அனுபவத்தின் பெரும்பகுதி அவரோடு புறப்பட்டுவிடுகிறது.

காலமும் கவனிக்கத்தக்கது. 2016-ல் ஒப்புதல் பெற்ற நிலம் 2023-ன் இறுதியில்தான் முழு உருவம் பெற்றது. இதற்கு நிதியத்தை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. பெருந்தொற்றுக் காலத்தில் துவாலு தன் எல்லைகளை மூடியிருந்தது, கனரக இயந்திரம் ஒவ்வொன்றும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். இருப்பினும் ஒப்பிட ஒரு முன்னுதாரணம் அதே தீவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம் அமைக்க அமெரிக்கப் படையினர் தோண்டிய குழிகள், உப்புநீரும் குப்பையும் நிறைந்து, சுமார் எழுபது ஆண்டுகள் மக்களின் வீடுகளுக்கு நடுவே கிடந்தன. நியூசிலாந்து நேரடியாக நிதி வழங்கியதும், அதே காயல் மணலைக் கொண்டு 2015-க்குள் அவை மூடப்பட்டன. நிதியத்தின் தொகை பெரிது, வேலையும் பெரிதுதான். ஆனால் கொடுப்பவரும் பெறுபவரும் நேருக்கு நேர் பேசும்போது மிச்சமாகும் காலத்துக்கு அந்தக் குழிகள் ஒரு சான்று.

எனக்குள்ள பெரிய மனக்குறை பராமரிப்பைப் பற்றியது. திட்ட மானியம் கட்டிக்கொடுக்கும். கட்டியதைக் காக்க ஆண்டுதோறும் ஆகும் செலவு நாட்டின் தலையில் விழும். உப்புக்காற்றில் எதுவும் நிலைக்காத பவளத்தீவில் அது சிறு செலவன்று. இந்த இடத்தில், போட்டிக் கடை என்று சொல்லத்தக்க துவாலு அறக்கட்டளை நிதியம் என் கண்ணுக்கு மேலாகத் தெரிகிறது. 1987-ல் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிரிட்டனும் சேர்ந்து சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் தொடங்கிய அந்த நிதியத்தின் மூலதனம் வெளிநாட்டுச் சந்தைகளில் முதலீடாக இருக்கிறது. பணவீக்கத்துக்கேற்ப மூலதனத்தின் மதிப்பைக் காத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் ஆதாயம் மட்டும் அரசின் வரவுசெலவுக்கு வருகிறது. எதற்குச் செலவிடுவது என்பதற்கு ஒவ்வொரு முறையும் நூறு பக்க முன்மொழிவு எழுத வேண்டியதில்லை. சந்தை சரிந்த ஆண்டில் ஒன்றும் வராது என்பது அதன் பலவீனம். ஆயினும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் சுவரில் விழுந்த விரிசலை அடைக்கவும் உதவுவது இந்த வகைப் பணமே.

ஆகவே என் பரிந்துரை இது: ஒரே முறை செய்து முடிக்கும் பெரிய கடலோர வேலைக்குப் பசுமைக் காலநிலை நிதியத்தை நாடலாம், விண்ணப்பத்தின் முதல் வரைவிலேயே பராமரிப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் தேவைப்படும் எதற்கும் அதை நம்பியிருக்கக் கூடாது. துவாலு 2022-ல் வெளியிட்ட நீண்டகாலத் திட்டம் 3.6 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தைக் கோருகிறது. இந்தத் திட்டத்தில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு அது. ஏழு ஆண்டுக்கு 7.3 ஹெக்டேர் என்ற இத்திட்டத்தின் வேகத்தில் சென்றால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகும்.