மரத்தளத்தைப் பெயர்க்காமல் உலர்த்தும் சேவை: 22 நாள் அனுபவம்

சலவை இயந்திரத்தின் குழாய் இரவில் கழன்றுவிட, விடிந்தபோது கூடத்து மரத்தளம் முழுவதும் தண்ணீர் பரவியிருந்தது. துடைத்து எடுத்ததும் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வெறுங்காலுடன் நடந்தபோதுதான் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் பாதத்தில் இடறியது. சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்த இடத்தில் வரிவரியாக நிழல் தெரிந்தது.

முதலில் வந்து பார்த்த நிறுவனத்தார், மேட்டைத் தேய்த்து வார்னிஷ் பூசி இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் தேய்ப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. நேராக, நனையாத படுக்கையறைக்குப் போய் அங்குள்ள பலகையில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பார்த்தார்கள். அங்கே 8 சதவீதம், கூடத்தில் 19, பலகைக்கு அடியில் அடித்தளமாக உள்ள ஒட்டுப்பலகையில் (பிளைவுட்) 24. நனையாத மரத்தின் அளவு தெரியாமல் நனைந்த மரம் எப்போது காய்ந்தது என்று சொல்ல முடியாது என்பதால், அந்த 8-ஐத்தான் இலக்காக வைத்தார்கள். அந்த இடத்திலேயே வேலையை அவர்களிடம் ஒப்படைத்தேன்.

அது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன். இடுக்குகளின் வழியே இறங்கிய நீர் அடியில் தங்கிவிட, மேற்பரப்பு மட்டும் காய்ந்துவிடுவதால், பலகையின் அடிப்பக்கம் உப்பி விளிம்புகள் மேலெழுகின்றன. அந்த நிலையில் விளிம்பைத் தேய்த்து மட்டமாக்கினால், பின்னர் அடிப்பக்கம் காய்ந்து பலகை பழைய நிலைக்குத் திரும்பும்போது, தேய்ந்த விளிம்பு தாழ்ந்து நடுப்பகுதி முதுகுபோல் புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் தேய்க்க வேண்டும். பலகையின் கனம் இரண்டு முறை வீணாகும்.

தளத்தின் மேல் விரிப்புகளைப் பரப்பி, ஓரங்களை நாடாவால் அடைத்து, உறிஞ்சு பம்பின் மூலம் பலகை இடுக்குகளிலிருந்தே ஈரக் காற்றை இழுத்தார்கள். பக்கத்தில் ஈரநீக்கி இரவும் பகலும் ஓடியது. ஹீட்டர் வைத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். அவசரமாகக் காய்ந்தால் பலகை வெடிக்கும் என்று மறுத்துவிட்டார்கள். அளக்கும் இடங்களில் சிறு காகித நாடாத் துண்டுகளை ஒட்டி, வரும்போதெல்லாம் தேதியையும் அளவையும் அதிலேயே எழுதிவைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குனிந்து படித்தால் போதும்.

குறைகளும் உண்டு. 10 நாளில் முடியும் என்றவர்கள் 22 நாள் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை நாளும் கூடத்தில் தொலைபேசியில்கூடப் பேச முடியாத இரைச்சல். நாடாவை உரித்தபோது இரண்டு இடங்களில் வார்னிஷும் சேர்ந்து வந்துவிட்டது. இவற்றைவிடப் பெரிய பிழை, சுவரோரப் பட்டையை முதல் நாளே கழற்றாதது. ஐந்தாம் நாள் நானே கேட்டபிறகுதான் கழற்றினார்கள். உள்ளே சுவரின் அடிப்பகுதி ஈரமாக இருந்தது. நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம் என்று எனக்குச் சொன்னவர்களே அவர்கள்தான்!

பலகையில் 9, அடித்தளத்தில் 11 என்று இலக்கை நெருங்கியபின் இயந்திரங்களை எடுத்தார்கள். பலகைக்கும் அடித்தளத்துக்கும் இடையிலான வேறுபாடு குறுகிய பலகைகளுக்கு 4 சதவீதத்துக்குள்ளும், அகலப் பலகைகளுக்கு 2 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பொது வழக்கம், என்னுடையவை குறுகியவை. பெரும்பாலான பலகைகள் தாமாகவே படிந்துவிட்டன. வாசலோரம் நான்கு மட்டும் படியவில்லை. அவற்றில் ஒன்றில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை ஏறியிருந்தது. அந்த நான்கையும் மாற்றினார்கள்.

இந்தச் சேவை எல்லாத் தளத்துக்கும் பொருந்தாது. என்னுடையது முழு மரம், புகுந்ததும் நல்ல தண்ணீர். மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சாக்கடை நீர் புகுந்த மரத்தளத்தைப் பெயர்த்தெடுப்பதே முறை. மற்றவர்களுக்கு இந்த நிறுவனத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் சுவரோரப் பட்டையை முதல் நாளே கழற்றச் சொல்லிவிடுங்கள்.