கார் வாஷ் வேக்குவம்: நான்கு வருடம், மூன்று ரிலே

கார் வாஷ் தொடங்கப்போகும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற காயின் வேக்குவத்தையே (காசு போட்டால் ஓடும் தூசி உறிஞ்சி) நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். போன வாரம்தான் அதன் ரிலேவை, அதாவது மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் தானியங்கி ஸ்விட்சை, மூன்றாவது தடவையாக மாற்றினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, துரு என்பதே இல்லை. இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் சீட்டுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் மணல்கூட வந்துவிடும். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தித் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவது சுலபம். நாணயம் விழும் ஸ்விட்ச் ஒரே ஒரு தடவைதான் சிக்கியது, அதுவும் ஈரத்தால்.

ஆனால் அந்த ரிலே! வாடிக்கையாளர் காசு போடுகிறார், டைமர் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, தூசி மட்டும் ஏறுவதில்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ரிலே. ஒன்று போனால் ஒரு மோட்டார் நின்றுவிடும். நின்ற மோட்டார் வழியாகவே வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடுவதால் பாதி இழுப்புகூடக் கிடைக்காது. குழாயைக் கையில் பிடித்தபடி அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பாரே, அப்போது எனக்கு உடம்பே கூசும்.

முதல் தடவை ஃபில்டரைக் கழுவினேன், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம் நின்ற மோட்டாரின் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். முழுசாக 230 வோல்ட். கரண்ட் வருகிறது, போனது மோட்டார்தான் என்று புது மோட்டார் வாங்கி மாட்டினேன். அதுவும் அசையவில்லை. நான் ஏமாந்தது இங்கேதான்: மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். ரிலேக்குள் ஒட்டிப் பிரியும் உலோக முனைகளான கான்டாக்ட் கருகியிருந்தாலும் அதன் வழியாக அந்த அளவு வந்துவிடும். மோட்டாரை மாட்டியபடியே அளந்தபோது 40 வோல்ட்டுக்குக் கீழே தள்ளாடியது. மிச்சம் முழுவதும் ரிலே கான்டாக்ட்டின் இரு முனைக்கு நடுவே நின்றது. நல்ல கான்டாக்ட்டாக இருந்தால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். ரிலேவைப் பிரித்தால் வெள்ளிப் பொட்டு கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

இப்படி அளக்கும்போது பிரேக்கரை அணைத்துவிட்டு மீட்டர் கிளிப்புகளை மாட்டுங்கள், கையை எடுத்த பிறகு போடுங்கள். கார் வாஷில் தரை எப்போதும் ஈரம்.

ரிலே மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். நிற்கும்போது கான்டாக்ட் பிரிகிற இடத்தில் பொறி பறக்கும். ஒவ்வொரு நாணயத்துக்கும் இதே அடி. உடம்புக்கு அவ்வளவு கனத் தகடு போட்டவர்கள் இந்தச் சின்ன உதிரியில் மிச்சம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த முறை மோட்டார் சுமைக்கான கான்டாக்டரையே (ரிலே மாதிரிதான், ஆனால் கனமான சுமையைத் தாங்கும்) வாங்கி, மோட்டார் சூடு படாத தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக ஒழுங்காக ஓடுகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே வருத்தம்தான், ஆனால் இன்றைக்கு என் வாயில் வேறு பதில் வராது. அதையும் மீறி வாங்கினால், இறக்கிய அன்றே பிரேக்கரை அணைத்துப் பெட்டியைத் திறந்து, ரிலேயில் மோட்டாருக்கான அளவு தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.